முதலில் கொண்டுவா, பிறகு துடை

ஜூலை கடைசி வாரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸின் இன்பாக்ஸ் சுத்தமாகக் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் எங்கள் ஆபீஸுக்கு வாருங்கள், காட்டுகிறேன். சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. அந்த வாரம் ஃபார்ம் 16, வங்கி ஸ்டேட்மெண்ட், வாடகை ரசீது, வீட்டுக் கடன் சான்றிதழ், கைபேசியில் சாய்வாக எடுத்த பான் கார்டு போட்டோ என்று மெயில் கொட்டும். நடுநடுவே ஓடிபி மெயில்கள், ‘உங்கள் கணக்கில் யாரோ உள்நுழைந்தார்கள்’ என்ற எச்சரிக்கைகள், யாரும் கேட்காத செய்திமடல்கள், கருத்தரங்க அழைப்புகள். இத்தனையும் வருகின்றன. ஆனாலும் காலையில் மெயிலைத் திறந்தால், ஆள் படித்துப் பதில் எழுத வேண்டியவை மட்டும்தான் எதிரே இருக்கும். இதற்காக எங்கள் ஆபீஸில் யாரும் உட்கார்ந்து ஒரு மெயிலைக்கூட டெலீட் செய்வதில்லை.

விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் எதுவும் இல்லை. ஆபீஸ் மூலையில் மானிட்டர் இல்லாமல் ஓடும் பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதில் டெபியன் லினக்ஸ். எம்பிசிங்க், இமேப்ஃபில்டர் என்று இரண்டு சின்ன நிரல்கள். சர்வர் பக்கத்தில் சில சீவ் விதிகள். எல்லாமே இலவசம், மூல நிரல் திறந்தே கிடக்கிறது. இவற்றைப் பற்றி மனசாரப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முன்பிருந்த நிலைமையைச் சொன்னால்தான் என் சந்தோஷம் புரியும். ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு மெயில் பெட்டிக்குக் கொடுத்த இடம் 5 ஜிபி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் மெயிலில் வரும் அட்டாச்மெண்ட் அப்படியே வருவதில்லை. மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டும் சுமக்கப் பிறந்த வண்டி. அதனால் படமோ பிடிஎஃப்போ எதுவானாலும் பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பப்படும். அதில் 3 பைட் 4 பைட்டாக வீங்கும். வாடிக்கையாளர் 15 எம்பிக்கு ரசீதுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் சர்வரில் அது 20 எம்பியைத் தாண்டி உட்காரும். சீசன் உச்சத்தில் பெட்டி நிறைந்துவிடும். அனுப்பியவருக்கு ‘மெயில்பாக்ஸ் ஃபுல்’ என்று திரும்பிப் போகும். அவர் அனுப்பிவிட்ட நிம்மதியில் ஊருக்குப் போயிருப்பார். நாங்கள் இன்னும் வரவில்லையே என்று காத்திருப்போம். ஆர்ட்டிகிள்ஷிப் பசங்களில் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து பழைய மெயிலாகப் பார்த்து அழிப்பார். எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்தக் களைப்பில் முடிவு செய்வது எவ்வளவு பயமான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

தீர்வைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய பரம்பரை. சர்வரிலிருந்து மெயிலைத் தானாக எடுத்துவரும் நிரல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபெட்ச்மெயிலைத் தெரியாமல் இதைப் பேசவே முடியாது. எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்கர், கார்ல் ஹாரிஸ் எழுதிய பாப்கிளையண்ட் என்ற நிரலை 1996-இல் கையில் எடுத்து வளர்த்தார். அதுதான் ஃபெட்ச்மெயில் ஆனது. அதை வளர்த்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ கட்டுரையை 1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் வாசித்தார். அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரௌசரின் மூல நிரலை வெளியிட முடிவெடுத்ததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு தூண்டுதல். ஓப்பன் சோர்ஸ் இயக்கத்தின் வேரில், மெயிலை எடுத்துவரும் ஒரு எளிய நிரல் இருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

ஃபெட்ச்மெயிலில் ரேமண்ட் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. எடுத்துவந்த மெயிலைத் தானே கோப்பில் எழுதாமல், அந்தக் கணினியிலேயே ஓடும் மெயில் சர்வரிடம் ஒப்படைத்தது. அந்தச் சர்வர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொன்ன பிறகுதான் தூரத்துச் சர்வரில் மூலப் பிரதி அழியும். பின்னால் சார்ல்ஸ் கசாபோன் பைத்தானில் எழுதிய கெட்மெயிலும் இதே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டது. அதில் ‘டெலீட் ஆஃப்டர்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 30 என்று போட்டால், எடுத்த மெயிலை சர்வரில் இன்னும் 30 நாள் விட்டுவைத்து, பிறகு அழிக்கும். எடுப்பதையும் துடைப்பதையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரே ஒரு இன்பாக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்த நிரல்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நான் மயங்கியது அவற்றுக்கு அடியில் இருக்கும் நெறிமுறைகளில். மெயிலை எடுத்துவர உதவும் பாப்3 நெறிமுறையின் இன்றைய வடிவம் 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1939 என்ற இணையத் தர ஆவணம். ஜான் மையர்ஸும் மார்ஷல் ரோஸும் எழுதியது. நிதானமாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் படித்துவிடலாம். அதில் மெயிலை அழிக்க ‘டெலீ’ என்று ஒரு கட்டளை. ஆனால் டெலீ சொன்னதும் மெயில் அழியாது. அழிக்க வேண்டியது என்ற குறி மட்டும் விழும். வேலை முடிந்து ‘க்விட்’ சொன்ன பிறகுதான் சர்வர் உண்மையில் அழிக்கும். நடுவில் நெட் போனால், கரண்ட் போனால், நிரல் செத்துப்போனால், ஒரு மெயிலும் அழியக் கூடாது என்று அந்த ஆவணமே கண்டிப்பாகச் சொல்கிறது. பத்திரப் பதிவில் கையெழுத்தெல்லாம் போட்ட பிறகும் சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து ‘பணம் வாங்கிட்டீங்களா?’ என்று ஒருமுறை கேட்பாரே, அந்த மாதிரி.

ஐமேப் இன்னும் அழகு. மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், எந்தக் கணினியிலிருந்தும் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். அதிலும் அழிப்பது இரண்டு படி. முதலில் மெயில்மேல் ‘டெலீட்டட்’ என்ற கொடி விழும். பிறகு ‘எக்ஸ்பஞ்ச்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை கொடியை எடுத்துவிட்டு மெயிலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தேடலும் சர்வரிலேயே நடக்கும். ‘90 நாளுக்கு முந்தையது, 5 எம்பிக்கு மேல், படித்து முடித்தது, நட்சத்திரம் போடாதது’ என்று கேட்டால், ஒரு மெயிலையும் இறக்காமல் எண்களின் பட்டியல் மட்டும் திரும்பி வரும். ஆயிரக்கணக்கான மெயில்களில் இந்த வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிவதை டெர்மினலில் முதன்முதலாகப் பார்த்தபோது கைதட்டினேன்.

எங்கள் ஆபீஸில் மெயிலை எடுத்துவருவது எம்பிசிங்க். ஐசிங்க் என்ற தொகுப்பின் நிரல் இது. மட் என்ற புகழ்பெற்ற டெர்மினல் மெயில் நிரலை எழுதிய மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கியது. ஓஸ்வால்ட் பூடன்ஹாகன் பல காலமாகப் பராமரித்து வருகிறார். தூரத்துச் சர்வரையும் பக்கத்துக் கோப்புறையையும் ஒத்திசைப்பது இதன் தொழில். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அது வற்புறுத்துவதில்லை. எந்தத் திசையில் எது போகலாம் என்று தனித்தனியாகச் சொல்லலாம். ‘புதிய மெயிலை இங்கே கொண்டுவா, படித்த குறிகளையும் கொண்டுவா, அங்கே அழிந்ததை இங்கே அழிக்காதே’ என்று எங்கள் ஆபீஸுக்கு எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. சர்வரில் எவ்வளவு துடைத்தாலும் ஆபீஸ் பிரதியைத் தொடாது.

எம்பிசிங்க் மெயில்களை நினைவில் வைக்கும் விதமும் பாராட்ட வேண்டியது. ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் அந்த ஃபோல்டருக்குள் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. ஃபோல்டரை யாராவது அழித்துத் திரும்ப உருவாக்கினால் அந்த எண்களுக்குப் பொருள் இல்லாமல் போகும். அதைத் தெரிவிக்க இன்னோர் எண் இருக்கிறது. அது மாறிவிட்டால், பழைய கணக்கை நம்பி மெயில்களைக் கண்டபடி கலக்காமல் எம்பிசிங்க் எச்சரிக்கையாகிவிடும். சரிபார்க்க முடியாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லும். எனக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும்.

எடுத்து வந்த மெயில் உட்காருவது மெயில்டிர் முறையில். க்யூமெயில் எழுதிய கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைனின் யோசனை இது. அதற்கு முன் எம்பாக்ஸ் என்று, எல்லா மெயிலையும் ஒரே நீளக் கோப்பில் வரிசையாகக் கோத்து வைப்பார்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பே சிதைந்துபோகலாம். பெர்ன்ஸ்டைன் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்றார். ‘டெம்ப்’, ‘நியூ’, ‘கர்’ என்று மூன்று அறைகள். மெயில் முதலில் டெம்ப்பில் எழுதப்படும். முழுதாக எழுதி முடிந்த பிறகே நியூவுக்கு நகரும். பாதி எழுதிய மெயில் யார் கண்ணிலும் படாது. பூட்டுப் போட வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில் இந்த ஏற்பாடு தெய்வம் மாதிரி. ஒவ்வொரு மெயிலும் சாதாரணக் கோப்பு என்பதால் எந்தக் கருவியாலும் படிக்கலாம், நகலெடுக்கலாம். 20 வருடம் கழித்தும் எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல் திறக்கலாம்.

இனி, துடைப்பவர். இமேப்ஃபில்டர்! இந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்கு முகம் மலர்ந்துவிடும். இதற்கு விதிகள் எழுதுவது லுவா என்ற மொழியில். லுவா 1993-இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுதக் கற்க ஒரு சனிக்கிழமை போதும். ‘இன்பாக்ஸில் இத்தனை நாளுக்கு மேல் பழையது’ என்று ஒரு தொகுப்பு எடுக்கலாம். ‘இன்னாரிடமிருந்து வந்தது’ என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பெருக்கல் குறி போட்டால் இரண்டிலும் இருப்பவை மட்டும் கிடைக்கும். கூட்டல் குறி போட்டால் எதிலாவது ஒன்றில் இருப்பவை. கழித்தல் குறி போட்டால் முதலாவதில் இருந்து இரண்டாவது நீங்கியவை. பள்ளிக்கூடத்தில் கணங்கள் பாடத்தில் வட்டம் வட்டமாக வரைந்தோமே, அந்தக் கணக்கு இங்கே என் இன்பாக்ஸைத் துடைக்கிறது.

எங்கள் விதிகளில் சிலவற்றைச் சொல்கிறேன். ஓடிபி மெயில் ஒரு நாள் தாண்டினால் போய்விடும். சில நிமிடங்களுக்கு மேல் அதற்கு உயிர் கிடையாது. போர்ட்டல்கள் அனுப்பும் உள்நுழைவு எச்சரிக்கை 30 நாள் இருக்கும். யாராவது கணக்கில் புகுந்திருந்தால் திரும்பிப் பார்க்க அது வேண்டும். வாடிக்கையாளர்கள் அட்டாச்மெண்டோடு அனுப்பிய பெரிய மெயில் 90 நாள் சர்வரில் இருக்கும். அதற்குள் ஆபீஸ் பிரதி எத்தனையோ முறை சரிபார்க்கப்பட்டு பேக்கப்பிலும் ஏறியிருக்கும். வரித்துறை நோட்டீஸ் என்று சந்தேகம் வந்தாலே எந்த விதியும் தொடாது. நட்சத்திரம் போட்டதையும் படிக்காததையும் எல்லா விதிகளிலும் கழித்தல் குறி போட்டு விலக்கிவிடுகிறேன்.

ஆபீஸ் பிரதிக்கு வேறு கணக்கு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவில், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம். மெயிலில் வந்த பில்லும் இப்போது ஆவணம்தான். அதனால் சர்வரில் 90 நாள், ஆபீஸில் 8 ஆண்டுக்குக் குறையாமல் என்று வைத்திருக்கிறோம். எந்தத் தொழிலாக இருந்தாலும், துடைக்கும் விதியை எழுதும் முன் தன் தொழிலின் சட்டம் எத்தனை ஆண்டு கேட்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விதி எழுதுபவர்கள் கவனிக்க ஒரு நுணுக்கம். மெயிலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பியவர் கணினி எழுதிய தேதி ஒன்று, சர்வருக்கு வந்து சேர்ந்த தேதி இன்னொன்று. அனுப்பியவர் கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால் முதல் தேதி 2010 என்றுகூட இருக்கலாம். பழையது எது என்று முடிவு செய்ய எப்போதும் சர்வரின் தேதியையே நம்புங்கள். இமேப்ஃபில்டரின் ‘இவ்வளவு நாள் பழையது’ என்ற விதி அதைத்தான் பார்க்கிறது. இன்னொரு வசதி, கட்டளையோடு ‘-என்’ என்று சேர்த்து ஓடவிட்டால் எதையும் தொடாமல், என்ன செய்திருக்கும் என்று மட்டும் காட்டும். புது விதி எழுதினால் இரண்டு மூன்று நாள் இப்படியே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரம் கொடுப்பேன்.

மெயில் வந்து சேர்ந்த பிறகு துடைப்பது இமேப்ஃபில்டர் என்றால், வரும் வாசலிலேயே பிரித்து வைப்பது சீவ். 2001-இல் டிம் ஷோவால்டர் எழுதிய ஆர்எஃப்சி 3028-இல் தொடங்கி, 2008-இல் ஆர்எஃப்சி 5228 ஆகத் திருந்தியது. வேண்டுமென்றே சக்தி குறைத்துப் படைக்கப்பட்ட மொழி. அதன் அடிப்படை வடிவில் சுழல் கட்டளைகள் இல்லை, வெளி நிரல்களை இயக்க முடியாது. அதனால் ஹோஸ்டிங் நிறுவனம் பயமில்லாமல் வாடிக்கையாளர் கையில் கொடுக்கலாம். எங்கள் வெப்மெயிலான ரவுண்ட்க்யூபில் ‘ஃபில்டர்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே தட்டி அமைப்பதெல்லாம் பின்னால் சீவ் வரிகளாகத்தான் மாறுகின்றன. நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

சீவில் எனக்கு உயிரான விதி ஒன்று உண்டு. மொத்தமாக அனுப்பப்படும் மெயில்களில் ‘லிஸ்ட் அன்சப்ஸ்க்ரைப்’ என்று ஒரு ஹெடர் இருக்கும். 1998 முதல் தரநிலையாக உள்ளது. 2024-இல் ஜிமெயிலும் யாஹூவும், பெருமளவில் விளம்பர மெயில் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. அதற்குப் பிறகு ஒழுங்கான நிறுவனங்கள் எல்லாமே அந்த ஹெடரோடுதான் அனுப்புகின்றன. ஆகவே, ‘அந்த ஹெடர் இருந்தால் செய்திமடல் ஃபோல்டருக்கு அனுப்பு’ என்ற ஒற்றை விதி, நூறு நிறுவனங்களின் பெயரைத் தனித்தனியாக எழுதும் வேலையை முடித்துவிடுகிறது! வங்கி, வரித்துறை, வாடிக்கையாளர் முகவரிகளை மட்டும் அதற்கு மேலேயே எழுதி, ‘இவர்கள் இன்பாக்ஸுக்கு, இத்தோடு நிறுத்து’ என்று சொல்லிவிட வேண்டும். செய்திமடல் ஃபோல்டரை இமேப்ஃபில்டர் 14 நாளில் துடைக்கிறது. படிக்க ஆசைப்படுபவர் இரண்டு வாரத்துக்குள் படித்துக்கொள்ளலாம்.

சீவின் அடிப்படைக் குணமும் அதே எச்சரிக்கைதான். ஒரு விதியும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸில் இருக்கும். விதி ஓடும்போது பிழை வந்தாலும் இன்பாக்ஸில் இருக்கும். எந்தச் சந்தேகத்திலும் முடிவு மெயிலின் பக்கமே. பாப்3-இன் க்விட், ஐமேப்பின் எக்ஸ்பஞ்ச், மெயில்டிரின் டெம்ப் அறை, சீவின் இந்தக் குணம். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு பத்தாண்டுகளில், இன்னொருவர் கடிதத்தைத் தொடும்போது கை நடுங்க வேண்டும் என்ற ஒரே பொறுப்போடு எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறைமேல் இருக்கும் மரியாதைக்கு இதுதான் காரணம்.

ஆபீஸ் தவிர என் சொந்த டொமைனுக்குச் சின்ன வாடகை சர்வர் ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே டோவ்காட் முழுக்க என் கையில். ஃபின்லாந்துக்காரர் டிமோ சிராய்னன் எழுதி 2002-இல் வெளியிட்ட ஐமேப் சர்வர் அது. அதோடு வரும் டோவ்அட்மின் என்ற கருவியைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். ‘டோவ்அட்மின் சர்ச்’ என்று சொல்லி, எந்தப் பயனர், எந்த ஃபோல்டர், எத்தனை நாள் பழையது என்று எழுதினால் பட்டியல் வரும். பட்டியல் சரியாக இருந்தால் அதே வரியில் ‘சர்ச்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ‘எக்ஸ்பஞ்ச்’ என்று மாற்றினால் அவையெல்லாம் போய்விடும். நிபந்தனையைத் திரும்ப எழுத வேண்டாம் என்பதால் பார்த்தது ஒன்று, அழிந்தது வேறு என்று ஆக வழியில்லை.

குப்பை ஃபோல்டருக்கு அதில் தனி நியாயம் உண்டு. ஐந்து வருடப் பழைய மெயிலை இன்று குப்பையில் போட்டால், மெயிலின் வயதைப் பார்த்து அழிக்கும் விதி இன்றிரவே அதை எடுத்துவிடும். மனம் மாற நேரமே கிடைக்காது. அதற்காக டோவ்காட்டில் ‘சேவ்ட் பிஃபோர்’ என்று ஒரு நிபந்தனை. அந்த ஃபோல்டருக்குள் மெயில் வந்து விழுந்த நாளிலிருந்து எண்ணும். குப்பையில் போட்டு 30 நாள் ஆனதும் போகும், அதற்கு முன் போகாது. ‘ஆட்டோ எக்ஸ்பஞ்ச் 30 நாள்’ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் இந்த வேலையையும் டோவ்காட் தானே பார்த்துக்கொள்ளும். இவ்வளவு யோசித்து எழுதியவரை நேரில் பார்த்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

இப்போது எல்லாவற்றையும் கட்டும் முடிச்சு. பழைய டெஸ்க்டாப்பில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி ஓடுகிறது: முதலில் எம்பிசிங்க், அதன் பிறகு இரண்டு ‘அண்ட்’ குறிகள், அதன் பிறகு இமேப்ஃபில்டர். அந்த இரண்டு குறிகளுக்கு லினக்ஸில் அர்த்தம், முன்னது வெற்றியாக முடிந்தால் மட்டும் பின்னதைத் தொடங்கு என்பது. நெட் இல்லை, வட்டு நிறைந்துவிட்டது, பாஸ்வேர்ட் மாறிவிட்டது, எதுவானாலும் எம்பிசிங்க் தோல்வி என்று சொல்லும். துடைப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். இதை லினக்ஸின் பழைய நேர அட்டவணைக் கருவியான க்ரானில் வைக்காமல் சிஸ்டம்டி டைமரில் வைத்திருக்கிறேன். ‘பெர்சிஸ்டண்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால், கணினி அணைந்திருந்த நேரத்தில் தவறிய முறையை, கரண்ட் வந்து எழுந்ததும் ஓட்டிவிடும். ஒரு முறை முடியுமுன் அடுத்தது தொடங்காமலும் பார்த்துக்கொள்ளும்.

பாஸ்வேர்டை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுத வேண்டாம். எம்பிசிங்கில் ‘பாஸ்சிஎம்டி’ என்று ஒரு வசதி. பூட்டி வைத்த இடத்திலிருந்து அந்த நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்து அதை எங்கள் ஆடிட்டர் சார் வீட்டில் வைக்கிறோம். இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

முதலில் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. 40 வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவர்.

“ஏம்ப்பா, அது பாட்டுக்கு அழிச்சுட்டே போகுதுன்னு சொல்ற. பழைய நோட்டீஸ் ஒண்ணு வேணும்னா எங்க போய் தேடறது?”

“எந்த வருஷத்துது வேணுங்க சார்?”

“2019-ல அந்த நூல் மில்காரருக்கு வந்துச்சே, ஜிஎஸ்டி நோட்டீஸ்.”

நாட்மச் என்று ஒரு நிரல் இருக்கிறது. கார்ல் வொர்த் எழுதியது. மெயில்டிரில் உள்ள அத்தனை மெயிலுக்கும் அட்டவணை போட்டு வைத்திருக்கும். மில்லின் பெயரையும் 2019 என்ற ஆண்டையும் கொடுத்தேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள் திரையில் வந்துவிட்டது. நோட்டீஸ், அதற்கு நாங்கள் எழுதிய பதில், மில் கணக்கர் அனுப்பிய ஆதாரங்கள், எல்லாம் ஒரே சரமாக. சார் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“நம்ம பீரோவுல தேடியிருந்தா மத்தியானம் ஆயிருக்கும்ப்பா” என்றார். அடுத்த வாரம் அவருடைய சொந்த மெயிலையும் இதில் சேர்த்துவிடச் சொன்னார்.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் நமக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். நன்றாகவே பொருந்தும். இரண்டு அடுக்குப் பாதுகாப்பைத் தொடங்கி, இந்த நிரல்களுக்கென ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஜிமெயிலில் ஃபோல்டர் என்று தெரிவதெல்லாம் லேபிள்தான். அதிலிருந்து அழிப்பதால் லேபிள் மட்டும் கழன்று, மெயில் ‘ஆல் மெயில்’ பகுதியில் இருந்துகொண்டே இருக்கலாம். உண்மையாகப் போக வேண்டுமென்றால் ‘ட்ராஷ்’ ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். 30 நாளில் கூகுளே துடைத்துவிடும். இலவசமாகத் தரும் 15 ஜிபியைப் போட்டோக்களும் டிரைவும் சேர்ந்தே பங்கு போடுகின்றன என்பதால், பழைய பெரிய அட்டாச்மெண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கே துடைப்பது நல்ல பலன் தரும். லினக்ஸ் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவு கணினியிலும் இது அத்தனையும் ஓடும். எங்கள் ஆபீஸில் காமர்ஸ் படித்த பொண்ணு ஒருத்தி இப்போது என்னைவிட நேர்த்தியாக விதிகள் எழுதுகிறாள்.

நீங்களும் இந்த வாரக் கடைசியில் தொடங்குங்கள். முதலில் எம்பிசிங்கையோ கெட்மெயிலையோ நிறுவி, உங்கள் மெயில் முழுவதும் உங்கள் கணினிக்கு வரட்டும். ஒரு மாதம் எதையும் அழிக்காமல் எடுத்துவருவதை மட்டும் ஓடவிடுங்கள். பிறகு ஓடிபி மெயிலுக்கு ஒரே ஒரு விதி எழுதி, என்ன செய்யப்போகிறது என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் சரியாக இருந்தால் அன்றைக்கே அதற்கு அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.